மூன்றில் ஒன்றாகச் சுருக்கப் பழகியது

அரசாங்க வேலைக்கான போட்டிப் பரீட்சைக்குப் படித்தபோது, எனக்குக் கூடுதலான பயிற்சி தேவைப்பட்டது சுருக்கம் எழுதும் வினாவுக்குத்தான். கிரகித்தல் என்றால் விடை பந்திக்குள்ளேயே கிடக்கும், தேடி எடுத்துவிடலாம். சுருக்கத்தில் எதை விடுவது, எதை வைப்பது என்று நாமே தீர்மானிக்க வேண்டும். திருகோணமலையில் எங்கள் ஒழுங்கையில் இருந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரிடம் பின்னேரங்களில் போய்ப் பழகினேன்.

பந்தியைக் கண்டதும் கை பேனைக்குப் போகும். "முதல்ல வாசி பிள்ளை. இது எதைப் பற்றினதெண்டு ஒரு வரியில சொல்லு, பிறகு எழுதலாம்" என்பார் சேர். அந்த ஒரு வரிதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்பது இந்தப் பந்தியில் எனக்கு நன்றாக விளங்கியது:

"1622இல் தமிழ்ப் புத்தாண்டு நாளன்று போர்த்துக்கேயர் வரலாற்றுப் புகழ் மிக்க கோணேசர் கோயிலைக் கொள்ளையிட்டு இடித்துத் தரைமட்டமாக்கினர். அவ்வாறு இடிக்கப்பட்ட கோயிலின் கருங்கற்களையும் தூண்களையும் கொண்டே அவர்கள் அதே முனையில் கோட்டை கட்டினர் என்பது குறிப்பிடத்தக்கது. பின்னர் ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் எனப் பலரது கைகளுக்கு மாறிய அந்தக் கோட்டை 1803ஆம் ஆண்டு முதல் இன்றுவரை பிரெட்றிக் கோட்டை என்று அழைக்கப்பட்டு வருகிறது."

45 சொற்கள். 15க்குள் கொண்டுவர வேண்டும். 'என்பது குறிப்பிடத்தக்கது' யோசிக்காமலே போய்விடும். கருங்கல்லும் தூணும் 'கற்கள்' ஆகும். 'அழைக்கப்பட்டு வருகிறது' என்பதற்கு 'எனப்படுகிறது' போதும். மூன்று வாக்கியங்களையும் எச்சங்களால் கோத்து ஒன்றாக்கலாம்.

ஆனால் புத்தாண்டு நாளை வெட்ட எனக்கு மனமே வரவில்லை. இந்த ஊரில் பிறந்த யாருக்கு வரும்? "பந்தி கோயிலைப் பற்றினதா, கோட்டையைப் பற்றினதா?" என்று கேட்டார் சேர். கோட்டையைப் பற்றியதுதான். கோயிலைப் பற்றியது என்றால் புத்தாண்டு நாள் நின்று 1803 போயிருக்கும். சரி என்று வெட்டினேன்.

"1622இல் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து, அதன் கற்களால் கட்டிய கோட்டை, பலரிடம் கைமாறி, 1803முதல் பிரெட்றிக் கோட்டை எனப்படுகிறது."

'அதன் கற்களால்' என்பதை எந்தக் காரணத்துக்காகவும் எடுக்கக் கூடாது. எடுத்தால் கோயிலை இடித்ததும் கோட்டை கட்டியதும் தொடர்பில்லாத இரண்டு செய்திகளாகிவிடும். 'பலரிடம் கைமாறி' இல்லையென்றால் பெயர் வைத்ததும் போர்த்துக்கேயர்தான் என்று வாசிப்பவர் நினைப்பார். எண்ணிக்கைக்குப் பயந்து இப்படிப்பட்ட இணைப்புகளை வெட்டுவதை விட ஓர் ஆண்டை விடுவது எவ்வளவோ நல்லது.

எழுதியதைச் சரிபார்க்க நன்னூலின் பத்துக் குற்றங்களில் மூன்றை வைத்துக்கொண்டேன்: குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல். முதலாவதுக்குத்தான், அதாவது வேண்டியதை விட்டுவிடும் குறைக்குத்தான், அதிக நேரம் கொடுப்பேன். சுருக்கும்போது கூடுதலாக வருவது அதுதான்.

பரீட்சையில் வந்தது கண்டல் காடுகளைப் பற்றிய பந்தி. மர வகைகளின் பெயர்களை எல்லாம் விட்டேன். வேர்கள் மண்ணைப் பிடித்துக் கரையைக் காப்பதையும், அவற்றின் இடையில் மீன் குஞ்சுகள் வளர்வதையும், அதனால் காடு அழிந்தால் மீன்பிடியும் குறையும் என்பதையும் வைத்தேன். அந்த 'அதனால்' பந்தியின் கடைசி வரியில் இருந்தது.