ஆங்குலர்ஜேஎஸ்ஸிலிருந்து ரியாக்ட்டுக்கு

பெங்களூரில் எங்கள் குழு, ஆங்குலர்ஜேஎஸ் என்ற ஜாவாஸ்கிரிப்ட் கட்டமைப்பில் எழுதப்பட்ட பழைய இணையச் செயலி ஒன்றை, திரைகளை உருவாக்க உதவும் ரியாக்ட் என்ற நிரலகத்துக்கு மாற்றி வருகிறது. அந்தக் கட்டமைப்புக்குக் கூகுள் அளித்துவந்த ஆதரவு 2021 டிசம்பரோடு முடிந்துவிட்டதால், இதை இனியும் தள்ளிப்போட முடியாது என்று நானே வற்புறுத்தினேன்.

கோப்புகளை ஒவ்வொன்றாகக் கையால் மாற்றாமல் ஜாவாஸ்கிரிப்ட் நிரலைத் தானாகத் திருத்தும் ஜேஎஸ்கோட்ஷிஃப்ட் கருவியை நாடினோம். நிரலை வெறும் எழுத்துகளாகக் கொள்ளாமல் அதன் இலக்கண அமைப்பைக் காட்டும் தொடரியல் மரமாகப் பிரித்து, வேண்டிய கிளையை மட்டும் திருத்தி, மற்றதை இருந்தபடியே எழுதித் தருவதால், தேடி மாற்றும் முறையில் நேரும் பிழைகள் இதில் வெகுவாகக் குறைகின்றன. அது ஹெச்டிஎம்எல்லைப் படிக்காது என்பதால், வார்ப்புருக்களில் பட்டியலின் ஒவ்வோர் உருப்படியையும் காட்டும் என்ஜி-ரிப்பீட்டை, ரியாக்ட்டில் அதே வேலைக்குப் பயன்படும் மேப்பாக மாற்றத் தனி நிரல் எழுதினோம். அது எளிதாகவே முடிந்தது.

உண்மையான சிக்கல், திரைக்கும் நிரலுக்கும் பொதுவான மதிப்புகளை ஆங்குலர்ஜேஎஸ் வைத்திருக்கும் ஸ்கோப்பில் இருக்கிறது. ஆங்குலர்ஜேஎஸ்ஸின் இருவழிப் பிணைப்பில் ஒரு மதிப்பை யார் வேண்டுமானாலும் மாற்றலாம்; ரியாக்ட்டிலோ தரவு மேலிருந்து கீழாக மட்டுமே பாய்கிறது. மதிப்பு மாறுவதைக் கவனிக்கும் ஒவ்வொரு வாட்ச்சையும், திரையை வரைந்த பின் ஓடும் ரியாக்ட்டின் யூஸ்எஃபெக்ட்டாக இயந்திரத்தனமாக மாற்றினால் நிரல் ஓடும், ஆனால் தேவையில்லாமல் திரையைத் திரும்பத் திரும்ப வரையும். ஆகவே அவ்விடங்களில் கருவி குறிப்பை மட்டும் இட்டுச் செல்கிறது. மதிப்பு செயலியின் எந்தப் பகுதிக்குச் சொந்தம் என்பதை, சோதனைகளை முதலில் எழுதிவிட்டு, நாங்கள் உட்கார்ந்து பேசி முடிவுசெய்கிறோம்.