ஆக்டிவாவில் பிக்கப் வேண்டுமா? முதலில் பெல்ட் கவரைத் திறங்கள்

"வண்டி ஏறவே மாட்டேங்குது, போர் போட்டுப் பெரிய பிஸ்டன் மாட்டிடலாமா?" ஸ்கூட்டர் பட்டறைகளில் அடிக்கடி காதில் விழும் கேள்வி. (போர் போடுவது என்றால் சிலிண்டரின் உட்புறத்தைக் கடைந்து அகலமாக்குவது.) பதிலுக்கு முன் ஒரு சின்னக் கணக்கு. கார்புரேட்டர் காலத்து ஆக்டிவா 110-இல் சிலிண்டர் விட்டம் 50 மி.மீ., ஸ்ட்ரோக் 55.6 மி.மீ., ஆக மொத்தம் 109.2 சிசி. ஓவர்சைஸ் பிஸ்டன், அதாவது விட்டம் கூடிய பிஸ்டன், பொதுவாக 0.25, 0.50, 0.75, 1.00 மி.மீ. கூடுதல் என்ற அளவுகளில் வரும். ஆகப் பெரிய 1 மி.மீ. போட்டாலும் 113.6 சிசிதான். நூற்றுக்கு நாலு! எட்டு குதிரைத்திறன் வண்டியில் அது ஓட்டுபவருக்கே தெரியாது. தேய்ந்த சிலிண்டரைப் பழைய நிலைக்குக் கொண்டுவரத்தான் ஓவர்சைஸ் பிஸ்டன். வேகத்துக்கு அல்ல.

வேறு வண்டியின் சிலிண்டர் பிளாக்கைப் பொருத்தி சிசியைக் கூட்டலாம் என்பார்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு அதற்கு இடம் தராது. 2019 திருத்தத்துக்குப் பின் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ என்று ஆனது. விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ்காரர் கேட்கும் கேள்வி தனி.

அப்படியானால் போன பிக்கப் எங்கே? பெரும்பாலும் இடது பக்கக் கவருக்குள். என்ஜின் தரும் சக்தி ரோலர், பெல்ட், கிளட்ச் மூன்றையும் தாண்டித்தான் சக்கரத்துக்குப் போகிறது.

கவரைக் கழற்றியதும் வேரியேட்டரில் (வேகம் கூடக் கூட முன் புல்லியை நெருக்கிப் பெல்ட்டை மேலே ஏற்றும் பகுதி) உள்ள ஆறு ரோலர்களையும் வெளியே எடுத்து மேசையில் உருட்டிப் பாருங்கள். நல்ல ரோலர் சத்தமில்லாமல் ஓடும். தேய்ந்தது, கல்லில் தேய்த்தது போல ஒரு பக்கம் தட்டையாகி, டக் டக்கென்று தத்தும். அந்தத் தட்டை இடத்திலேயே சிக்கிக்கொள்வதால் கியர் விகிதம் சரியாக மாறாது. ஆறையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். ஒன்றிரண்டை மட்டும் மாற்றினால் புதியது பழையதோடு ஒத்துப்போகாது.

ரோலர் எடையில்தான் உண்மையான டியூனிங் இருக்கிறது. எடை குறைந்தால் என்ஜின் அதிக ஆர்பிஎம் (நிமிடச் சுற்று) போன பிறகே விகிதம் உயரும்; சிக்னலில் எடுப்பு கூடும், பெட்ரோலும் கூடும். இந்த என்ஜின் உச்ச சக்தி தருவது 7,500 ஆர்பிஎம் அருகில். எனவே முழு ஆக்ஸிலேட்டரில் 30-லிருந்து 50 கி.மீ. வேகம் வரும்வரை ஆர்பிஎம் அதற்குச் சற்றுக் கீழே நிலையாக நிற்க வேண்டும். பிளக் வயரில் சுற்றிக்கொள்ளும், ஆர்பிஎம் காட்டும் டாக்கோமீட்டர் மலிவாகவே கிடைக்கிறது. முதலில் வண்டியோடு வந்த ரோலரை 0.1 கிராம் காட்டும் தராசில் நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அதே விட்டம், அதே அகலத்தில் ஒரு ரோலருக்கு அரை கிராம் மட்டும் குறைத்து ஓட்டிப் பாருங்கள். ஒரேயடியாக மூன்று கிராம் குறைத்தால் என்ஜின் கத்தும், வண்டி நகராது. இடைப்பட்ட எடை வேண்டுமானால் மூன்று கனமானது, மூன்று லேசானது என்று ஒன்றுவிட்டு ஒன்று வைக்கலாம். ரோலர் அறைக்கு ரப்பர் சீல் இல்லாத மாடலில் கிரீஸ் வைக்கவே கூடாது. சூட்டில் உருகி பெல்ட்டில் தெறித்தால் பிக்கப் சுத்தமாகப் போய்விடும்.

பெல்ட்டுக்கு மார்க்கர் சோதனை போதும். முன் புல்லியின் முகத்தில் நடுவிலிருந்து விளிம்புவரை ஒரு கோடு இழுங்கள். மூடிவிட்டு, காலியான சாலையில் உச்ச வேகம் வரை ஒரு ஓட்டம். திரும்பத் திறந்தால் பெல்ட் போன இடம் வரை மை அழிந்திருக்கும். விளிம்பில் நாலைந்து மி.மீ. மை அப்படியே இருந்தால் பெல்ட் அகலம் தேய்ந்திருக்கலாம், அல்லது ரோலர் கடைசிவரை ஏறவில்லை. கிளட்ச் ஷூ கண்ணாடி போல் பளபளத்தால் 120 நம்பர் எமரித்தாளால் லேசாகத் தேய்த்து, அதைச் சுற்றியுள்ள கிண்ணமான கிளட்ச் பெல்லைத் தின்னரில் துடைத்தால் போதும்.

திரும்ப மாட்டும்போதுதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். முன் புல்லியை இறுக்கும்போது பெல்ட் இரண்டு முகங்களுக்கு இடையே அகப்பட்டுக்கொள்ளும். நட் இறுகியது போலவே கை சொல்லும். நூறு மீட்டர் ஓடியதும் பெல்ட் மேலே ஏற, உள்ளே இடைவெளி விழுந்து, கிராங்க் ஷாஃப்டின் ஸ்ப்லைன் (புல்லியைப் பிடிக்கும் பற்கள்) மழுங்கிவிடும். பிறகு கிராங்க் செலவு. பின் புல்லியைப் பிரித்துப் பிடித்து பெல்ட்டை அதன் அடிவரை அழுத்திவிட்டால் முன்னால் தொய்வு கிடைக்கும். அப்புறம் இறுக்குங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு வண்டி சோம்பலாகவே இருந்தால், சிலிண்டருக்குள் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் கேஜ். ஆக்ஸிலேட்டரை முழுதும் திறந்து அளவெடுங்கள். பிளக் ஓட்டை வழியாக ஒரு டீஸ்பூன் என்ஜின் ஆயில் விட்டு மறுபடி எடுங்கள். அளவு ஏறினால் தேய்ந்தது பிஸ்டன் ரிங் அல்லது போர் (சிலிண்டர் சுவர்). ஏறாவிட்டால் வால்வு; அதிலும் முதலில், என்ஜின் குளிர்ந்திருக்கும்போது, டேப்பட் இடைவெளியை (வால்வுக்கும் அதை அழுத்தும் நெம்புகோலுக்கும் நடுவில் உள்ளது) பாருங்கள். இறுக்கமான டேப்பட் வால்வை முழுதாக மூடவிடாது.

போர்தான் என்று உறுதியானால், பிஸ்டனை வாங்கி லேத்காரர் கையில் கொடுத்த பிறகே போர் போடச் சொல்லுங்கள். பெட்டியில் எழுதிய அளவை நம்பிக் கடைந்தால் இடைவெளி தப்பும். குறைந்தால் பிஸ்டன் பிடிக்கும், கூடினால் குளிரில் கடகடக்கும். ரிங்கைத் தனியாகச் சிலிண்டரில் இறக்கி ஃபீலர் கேஜ் (மெல்லிய அளவுத் தகடு) வைத்தால் ரிங்கின் வாய், அதாவது இரு முனைகளுக்கு நடுவே உள்ள இடைவெளி, 0.2 மி.மீ. அளவில் இருக்க வேண்டும். ஹோனிங் (கடைந்த சுவரைக் கல்லால் தேய்ப்பது) விட்ட தூள் பெட்ரோலில் கழுவினால் போகாது. சோப்புத் தண்ணீரில், துடைக்கும் வெள்ளைத் துணி கறுக்காமல் வரும்வரை கழுவி, உடனே ஆயில் தடவுங்கள். பிஸ்டன் தலையில் உள்ள 'ஐஎன்' குறி இன்டேக் பக்கம். பிஸ்டன் பின்னைப் பிடித்திருக்கும் லாக்கை மாட்டும்போது கிராங்க்கேஸ் வாயைத் துணியால் அடைத்துவிடுங்கள். அந்தச் சின்னக் கம்பி உள்ளே விழுந்தால் என்ஜினையே பிளக்க வேண்டியிருக்கும்.

2020 முதல் வந்த பிஎஸ்6 (புகை விதி) ஆக்டிவா 110-இல் விட்டம் 47, ஸ்ட்ரோக் 63.1 மி.மீ., அதோடு ஃபியூல் இன்ஜெக்ஷன். பெல்ட் கவருக்குள் நடப்பது அதிலும் இதேதான்.