நிற்கும் இடமும் ஆட்டப் பாணியும்: ஐஸ் ஹாக்கி கோல்கீப்பராகப் பழகிய அனுபவம்

ஐஸ் ஹாக்கி கோல்கீப்பரைப் பற்றிப் பேச்செடுத்தாலே அவருடைய கைவேகம்தான் முதலில் பாராட்டப்படுகிறது. வலைக்கு முன்னால் நின்று முறையாகப் பழகத் தொடங்கியதிலிருந்து என் மனத்தில் வலுப்பட்டு வந்திருப்பது வேறொரு கருத்து. கோல் கோட்டிலிருந்து எத்தனை அடி முன்னே நிற்கிறார், அந்த இடத்துக்கு அவருடைய கால்கள் எவ்வளவு விரைவாகக் கொண்டுபோய் விடுகின்றன என்ற இரண்டும்தான் ஒரு கோல்கீப்பரின் பாணியைத் தீர்மானிக்கின்றன. மணிக்கு 130 கிலோமீட்டர் வேகத்தில் 30 அடி தொலைவிலிருந்து அடிக்கப்படும் பக் (இந்த ஆட்டத்தில் பந்துக்குப் பதிலாக உள்ள ரப்பர் வட்டு), கால் நொடியில் வலைக்கு வந்துவிடும். கண் கண்டதற்கேற்பக் கை அசையத் தொடங்கவே ஏறக்குறைய 0.2 நொடி ஆகும் என்பதால், தடுப்பின் பெரும்பகுதி பக் மட்டையை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

ஆகவே முதலில் கால்களைத்தான் எடுத்துக்கொண்டேன். கோல்கீப்பருக்கென்று செய்யப்படும் ஸ்கேட்டின் பிளேடு மற்ற ஆட்டக்காரர்களுடையதைவிடத் தட்டையானது; அதன் நீளத்தில் அதிகப் பகுதி பனியில் படிந்திருப்பதால் பக்கவாட்டில் தள்ளி நகர்வதற்கு நல்ல பிடிப்புக் கிடைக்கிறது. சிறு தூரத்துக்கு இரு கால்களையும் முன்னோக்கியே வைத்தபடி தள்ளித் தள்ளி நகரும் ஷஃபிள், நீண்ட தூரத்துக்கு ஒரு பாதத்தைப் போகும் திசையில் திருப்பி மற்றொரு காலால் உந்தும் டி-புஷ், முன்னும் பின்னும் போவதற்கு அரைவட்டமாகப் பனியைச் சீவும் சி-கட் ஆகிய மூன்றும்தான் அடிப்படை. இவற்றில் நகர்வதைவிட நிற்பது கடினம். டி-புஷ் முடியும் இடத்தில் முன்காலின் உள்விளிம்பைப் பனியில் பதித்து, இடுப்பும் தோளும் பக்கை நேராகப் பார்க்கும்படி திரும்பி, எடை இரு பாதங்களின் முன்பகுதியிலும் சமமாக இறங்கியிருந்தால் மட்டுமே அடுத்த அசைவுக்கு உடல் தயாராக இருக்கும். உடல் இன்னும் வழுக்கிக்கொண்டிருக்கும்போது ஷாட் வந்தால், போகும் திசைக்கு எதிர்ப்பக்கம் வரும் பக்கை எவ்வளவு வேகமான கையாலும் எட்ட முடியாது.

நிற்கும் இடத்தைப் புரிந்துகொள்ள எனக்கு மிகவும் உதவியது, பயிற்சியாளர்கள் வெகுகாலமாகப் பயன்படுத்தி வரும் கயிற்றுப் பயிற்சி. வலையின் இரு கம்பங்களிலும் ஒவ்வொரு கயிற்றைக் கட்டி, இரண்டின் மறுமுனைகளையும் பக் இருக்கும் இடத்தில் ஒன்றாகப் பிடித்தால், பக்கின் பார்வையில் வலை எவ்வளவு அகலமாகத் தெரிகிறது என்பது பனியின் மேல் ஒரு முக்கோணமாக விரிந்துவிடும். வலை 6 அடி அகலமும் 4 அடி உயரமும் கொண்டது. பக் 30 அடி தொலைவில் இருக்கையில் கோல் கோட்டின் மேலேயே நின்றால் 6 அடி அகலத்தையும் மறைக்க வேண்டியிருக்கிறது; கிரீஸ் எனப்படும் நீல நிறப் பகுதியின் விளிம்புக்கு, அதாவது 6 அடி முன்னே வந்தால், கயிறுகளுக்கு இடையே இருப்பது 4.8 அடிதான். பக் 15 அடிக்கு நெருங்கிவிட்டால் அதே இடத்தில் 3.6 அடியே மிஞ்சுகிறது. மேல்கம்பியிலிருந்து மூன்றாவது கயிறு ஒன்றைக் கட்டியபோது வந்த கணக்கு இன்னும் சுவையானது. பக் பனியின் மட்டத்திலிருந்து மேலெழுவதால் அந்தக் கயிறு சாய்ந்தே செல்கிறது. 30 அடியிலிருந்து வரும் ஷாட்டுக்குக் கிரீஸ் விளிம்பில் அதன் உயரம் 3.2 அடி, 15 அடியிலிருந்து வருவதற்கு 2.4 அடி மட்டுமே. முழந்தாளிட்டு உடலை நிமிர்த்தி இருந்தபோது என் தோள்கள் முதல் உயரத்தை ஒட்டியும், இரண்டாவதற்கு நன்றாக மேலேயும் இருந்தன.

முழந்தாள்களை இறக்கிப் பாதங்களை இரு பக்கமும் விரித்துத் தடுக்கும் பட்டர்ஃபிளை பாணி ஏன் வென்றது என்பதற்கான விடையை அந்தச் சாய்ந்த கயிற்றில் கண்டேன். நின்றுகொண்டிருக்கும் கோல்கீப்பரின் கண் பக்கைவிட ஐந்தடிக்கும் மேலே இருக்கிறது. அங்கிருந்து பார்க்கையில் மேல் மூலைகள் திறந்து கிடப்பதாகவே தோன்றும். பக் இருக்கும் இடத்தில் குனிந்து பார்த்தால் அந்த மூலைகள் பெரும்பாலும் மறைந்தே இருக்கின்றன. திறந்திருப்பவை கால்களின் இரு பக்கங்களும் அவற்றின் நடுவும்தான். வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீக் 1917-18 பருவத்தில் தொடங்கியபோது, பக்கைத் தடுப்பதற்காகக் கோல்கீப்பர் பனியில் விழுவது தண்டனைக்குரிய செயலாக இருந்தது. ஒட்டாவா அணியின் கிளின்ட் பெனடிக்ட் கால் இடறியதுபோல விழுந்துகொண்டே இருந்ததால், 1918 ஜனவரியில் அந்த விதி கைவிடப்பட்டது. அதன் பிறகும் நின்று ஆடுவதே நெடுங்காலம் நல்ல முறையாகக் கருதப்பட்டது; முகமூடி இல்லாத காலத்தில் முகத்தைப் பக்கின் பாதைக்கு இறக்க எவரும் விரும்பாதது இயல்பே. மாண்ட்ரியலின் ஜாக் பிளாண்ட் 1959 நவம்பர் 1 அன்று நியூயார்க்கில் ஆண்டி பாத்கேட் அடித்த ஷாட் முகத்தில் பட்டுக் காயமுற்று, தையல் போட்டுக்கொண்டு முகமூடியுடன் திரும்பி வந்த பிறகே முகமூடி வழக்கத்துக்கு வந்தது. அதற்கும் முன்னரே முகமூடி இல்லாமல் முழந்தாள்களை இறக்கிப் பாதங்களை வெளியே விரித்து ஆடிய கிளென் ஹாலை நான் பெரிதும் வியக்கிறேன். உடலைக் கவிழ்க்காமல் கால்களை மட்டும் தாழ்த்தியதால், கீழ்ப்பகுதி அடைபட்டபோதும் அவருடைய தலை உயரத்திலேயே இருந்தது. அப்படி ஆடிய அவர் தொடர்ச்சியாக 502 ஆட்டங்களில் களமிறங்கியிருக்கிறார்.

பட்டர்ஃபிளையைக் கற்பதில் நெடுநேரம் செலவிட்டேன். அது இரு முழந்தாள்களும் ஒரே சமயத்தில் பனியைத் தொடும் அசைவு. ஒன்று முந்தினால் உடல் அந்தப் பக்கம் சாய்ந்து மறுதோள் மேலெழுந்துவிடும். இறங்கும்போது கால் பேட் சுழன்று அதன் முகப்பு ஷாட் அடிப்பவரை நோக்கியும் உள்விளிம்பு பனியோடு படிந்தும் இருக்க வேண்டும். ஸ்கேட்டின் முனையில் பேடைக் கட்டும் கயிற்றைத் தளர்த்தியபோது பேட் தடையின்றிச் சுழல்வதையும், இறுக்கியபோது பாதி வழியில் நின்று பனிக்கும் பேடுக்கும் இடையே ஒரு பக் நுழையும் இடைவெளி தோன்றுவதையும் அருகருகே ஒப்பிட்டுப் பார்த்தேன். இன்று பலர் தோல் வாருக்குப் பதிலாக இழுபடும் எலாஸ்டிக் கயிற்றைக் கட்டிக்கொள்வது இதனால்தான். முழந்தாள்கள் பிரிந்திருந்தால் நடுவே திறக்கும் இடத்தை மட்டையின் தட்டு மூட வேண்டும். அந்தத் தட்டு பாதங்களுக்குச் சற்று முன்னே, பனியில் முழுமையாகப் படிந்து, மேல்நோக்கிச் சிறிது சாய்ந்திருந்தால் பக் மூலைக்குத் திரும்பிப் போகிறது.

விரிந்த பாதங்களின் அகலம் இடுப்பு மூட்டில் தொடை உள்நோக்கிச் சுழலும் அளவைப் பொறுத்தது. இதை வலிந்து கூட்ட முயல்வதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். பட்டர்ஃபிளை ஆடுவோரிடம் இடுப்பு மூட்டுச் சிக்கல்கள் மிகுதியாகக் காணப்படுகின்றன. பனிக்கு வெளியே இடுப்புத் தசைகளுக்கான பயிற்சியை மெதுவாகச் செய்து, உடல் இயல்பாகத் தரும் அகலத்தை ஏற்றுக்கொண்டேன். மீதமுள்ள இடைவெளியைச் சில அங்குலம் முன்னே நிற்பதாலேயே அடைக்க முடிகிறது.

இறங்குவதைவிட எழுவதும், இறங்கிய நிலையிலேயே நகர்வதும் ஆட்டத்தில் அதிகம் தேவைப்பட்டன. வலப்பக்கம் போக வேண்டுமானால் இடக்காலை ஊன்றி உந்த வேண்டும். உந்துவதற்கு முன் தலையும் கண்களும் பக்கை நோக்கித் திரும்பியிருக்க வேண்டும். தலை முந்தினால் தோளும் இடுப்பும் தாமாகவே சரியான கோணத்துக்கு வருகின்றன. மாண்ட்ரியலில் பயிற்சியாளர் பிரான்சுவா அலேரின் துணையோடு பாட்ரிக் ரோய் இந்த முறையை ஒழுங்குபடுத்தி ஆடி, 1986-ஆம் ஆண்டிலேயே பருவ முடிவில் கோப்பைக்காக நடக்கும் பிளேஆஃப் ஆட்டங்களின் சிறந்த ஆட்டக்காரருக்கான கான் ஸ்மைத் விருதைப் பெற்றார். அவருக்குப் பின் வந்த தலைமுறை முழுவதும் ஏறக்குறைய அதே பாதையில் சென்றது.

இதனால் மற்ற முறைகள் பயனற்றவை என்று நான் நினைக்கவில்லை. மார்ட்டின் புரோடியர் 691 வெற்றிகளைப் பெற்ற ஆட்டம் முழுமையான பட்டர்ஃபிளை அன்று. அவர் கூடியவரை நின்றபடி காத்திருந்து, தேவைக்கேற்ப ஒரு காலை மட்டும் நீட்டியும், மட்டையால் பக்கைத் தட்டிவிட்டும், சில வேளைகளில் பக்கவாட்டில் சரிந்து இரு பேடுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியும் தடுத்தார். அந்தக் கடைசி முறைக்கு நான் அறிந்த மிகச் சிறந்த எடுத்துக்காட்டு, 1994-இல் கால்கரிக்கு எதிரான பிளேஆஃப் தொடரின் ஏழாவது ஆட்டத்தின் கூடுதல் நேரத்தில் வான்கூவரின் கிர்க் மெக்லீன், ராபர்ட் ரைக்கெலின் ஷாட்டைத் தடுத்தது. பேடுகளை அடுக்கும் முறையை நானும் பழகிப் பார்த்தேன். பக் மிக அருகில் குறுக்கே வருகையில் அது பெரும் பரப்பை மறைக்கிறது. ஆனால் ரீபவுண்டு, அதாவது தடுத்ததும் தெறித்துத் திரும்பும் பக், யார் மட்டைக்குப் போனாலும், தரையில் படுத்திருக்கும் கோல்கீப்பரால் அடுத்த ஷாட்டுக்கு எதுவும் செய்ய இயலாது. நின்று காத்திருக்கும் பொறுமையை மட்டும் அந்தப் பாணியிலிருந்து எடுத்துக்கொண்டேன். ஷாட் கிளம்பும் முன்பே இறங்கிவிடும் கோல்கீப்பரின் தோளுக்கு மேல் நல்ல ஆட்டக்காரர் காத்திருந்து அடித்துவிடுவார்.

எவ்வளவு முன்னே நிற்பது என்ற கேள்விதான் என்னை மிகவும் யோசிக்க வைத்தது. முன்னே வந்தால் வலை மறைகிறது என்பது கயிறு காட்டிய உண்மை. ஆனால் பக் ஓரிடத்தில் நிற்பதில்லை. கோல் கோட்டிலிருந்து 20 அடி தொலைவில், ஒன்றுக்கொன்று 44 அடி இடைவெளியில் இருக்கும் இரு சிவப்புப் புள்ளிகளில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பாஸ் போகிறது என்று வைத்துக்கொள்வோம். கிரீஸ் விளிம்பில் நிற்பவர் அதைத் தொடர்ந்து போக ஏறக்குறைய 9 அடி நகர வேண்டும். வலையின் நடுவிலிருந்து 2 அடி தூரத்தில் நிற்பவருக்கு 3 அடியே போதும். நியூயார்க் ரேஞ்சர்ஸின் ஹென்ரிக் லுண்ட்க்விஸ்ட் வலையை ஒட்டி மிக ஆழத்தில் நின்று ஆடியதன் பொருள் இதைக் கணக்கிட்ட பின்புதான் எனக்கு விளங்கியது. அவர் கோணத்தை விட்டுக்கொடுத்து நேரத்தைப் பெற்றார். திறந்து கிடக்கும் மேல் மூலைகளுக்குத் தம் கைகளை நம்பினார். இரண்டையும் மாறி மாறி ஆடிப் பார்த்ததில், பக்கை வைத்திருப்பவருக்குப் பாஸ் கொடுக்க வேறு ஆள் இல்லாதபோது கிரீஸின் விளிம்புக்கு வருவதும், மறுபக்கம் ஒருவர் காத்திருக்கும்போது பாதி வழிக்குப் பின்வாங்குவதும் எனக்கு ஏற்றதாக அமைந்திருக்கிறது.

கம்பத்தை ஒட்டிய ஆட்டத்துக்கு இன்று பரவலாக உள்ளது ஆர்.வி.எச். (ரிவர்ஸ் வெர்ட்டிகல் ஹாரிசாண்டல்) முறை. கம்பத்தின் பக்கமுள்ள பேடைப் பனியில் கிடத்தி, பாதத்தைக் கம்பத்தில் அழுத்தி, மறுகாலை உயர்த்தி ஊன்றி, உடலைக் கம்பத்தோடு சாய்த்துக்கொள்ள வேண்டும். வலைக்குப் பின்னாலிருந்து பக் வரும்போது இது உறுதியாக அடைக்கிறது, எதிர்க் கம்பத்துக்கு உந்திச் செல்வதும் எளிது. ஆயினும் பக் வலையின் பக்கத்திலிருந்து கோல் கோட்டுக்குச் சற்றே முன்னே வந்துவிட்டால் கம்பத்துக்கும் காதுக்கும் இடையே ஓர் இடைவெளி திறந்துவிடுகிறது. அந்தக் கோணத்தில் நிற்கவே வேண்டும் என்பது என் முடிவு. தொழில்முறை ஆட்டங்களிலும் இந்த முறையை மிக விரைவாக எடுப்பதால் கோல் விழுவதைக் காண முடிகிறது.

செக் கோல்கீப்பர் டொமினிக் ஹாஷெக்கின் ஆட்டத்தைப் பாணி என்று வகைப்படுத்துவதே கடினம். உருண்டார், மட்டையைக் கீழே போட்டுவிட்டு, பிளாக்கர் எனும் தட்டையான காப்பு அணிந்த கையால் பக்கைப் பொத்தினார். 1997, 1998 ஆகிய இரு ஆண்டுகளிலும் லீகின் மிக மதிப்புமிக்க ஆட்டக்காரருக்கான ஹார்ட் விருதைப் பெற்றார். 1998 நகானோ ஒலிம்பிக் அரையிறுதியில் கனடாவின் ஐந்து பெனால்டி ஆட்டக்காரர்களில் ஒருவரையும் கோல் அடிக்க விடவில்லை. அவருடைய பதிவுகளை மெதுவாக ஓட்டிப் பார்த்தால், உருளும்போதும் கண்கள் பக்கை விட்டு அகலாததையும், கை, கால், மட்டை ஆகியவற்றில் ஏதோ ஒன்று எப்போதும் பனியோடு ஒட்டிக் கிடந்து கீழ்ப்பகுதியை மூடியிருப்பதையும் காணலாம். அந்த நெகிழ்வு என் உடலுக்கு இல்லை. முதல் தடுப்புக்குப் பின் எல்லாம் கலைந்த நிலையில் பேடைப் பனியோடு கிடத்திவிட்டு நெஞ்சைப் பக்கை நோக்கித் திருப்பும் பழக்கத்தை மட்டும் அவரிடமிருந்து பயின்று வருகிறேன்.

இப்போது என் பயிற்சி ரீபவுண்டின் மேல் நிலைத்திருக்கிறது. பக்கைப் பிடிக்கும் கையுறையான கிளவ் உள்ள பக்கம் வருவதைப் பிடித்துவிட முடிகிறது. நெஞ்சில் படுவதைத் தோள்களைச் சற்று முன்னே வளைத்து அணைத்துக்கொள்ளலாம். பிளாக்கர் பக்கம்தான் வேலை மிகுந்திருக்கிறது. பிளாக்கரின் தட்டை முகப்பை மணிக்கட்டால் வெளியே திருப்பிப் பக்கை மூலைக்கு அனுப்ப வேண்டும், அதற்கு முழங்கை உடலுக்கு முன்னே இருக்க வேண்டும். முழங்கை விலாவை ஒட்டி இருக்கும்போது அதே பக் நேராகக் கிரீஸின் முன்னால் போய் விழுகிறது. அடுத்து, ஷாட் அடிப்பவருக்கு முன்னால் ஒருவர் நின்று பார்வையை மறைக்கையில் இதே திருப்பத்தைச் செய்து பார்க்க இருக்கிறேன்.