பழைய தேக்குச் சட்டத்துக்குள் சித்திரக்கதைப் பக்கம்: காரைக்குடியில் செய்து பார்த்தது

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவிலுள்ள பழம்பொருள் கடைகளில் பர்மா தேக்குச் சட்டங்கள் இன்னமும் கிடைக்கின்றன. இடித்த வீடுகளிலிருந்து சாமி படத்தோடோ, படம் போய் வெறும் சட்டமாகவோ வந்தவை. அப்படி ஒரு சட்டத்தில் சித்திரக்கதையின் மூலப் பக்கம் ஒன்றைப் போட்டு முடித்த வேலையின் குறிப்பு இது. அந்தச் சட்டத்தில் நம்பி எடுத்துக்கொள்ளக்கூடியது மரம் மட்டும்தான். கண்ணாடி, பின்பலகை, இடையில் வைத்த அட்டை, ஆணி எல்லாவற்றையும் கழித்துவிட வேண்டும். அந்த மரமும் தாளைத் தொடக்கூடாது.

பக்கம்

சிறுவர் இதழ் ஒன்றுக்காக ஐவரி அட்டையில் வரைந்த கறுப்பு வெள்ளைப் பக்கம், 28 × 43 செ.மீ. கோடுகள் இந்தியன் இங்க்கில், நிப்பாலும் தூரிகையாலும். திருத்தங்களுக்கு வெள்ளை போஸ்டர் கலர். வசனங்களைத் தனித்தாளில் எழுதி பலூன்களுக்குள் ஒட்டியிருக்கிறார்கள். ஓரத்தில், அச்சுக்கான பிளாக் செய்பவருக்கு அகலத்தைச் சுருக்கச் சொல்லும் சிவப்பு பால்பாயிண்ட் குறிப்பு.

இந்த அளவு அமெரிக்க காமிக்ஸின் 11 × 17 அங்குலத் தாளுக்குச் சமம். அங்கே 1967–68 வாக்கில்தான் அது வழக்கமானது; அதற்கு முன் அச்சு அளவைப்போல இரண்டு மடங்கு பெரிதாக வரைந்தார்கள். ஆகவே வெளிநாட்டுப் பக்கம் வாங்குபவர்களுக்கு அளவே ஒரு சாட்சி. தமிழ்ப் பக்கங்களில் அளவை வைத்துக் காலம் சொல்ல முடியாது. தாளைத்தான் பார்க்க வேண்டும்.

பார்ப்பதற்கு 10 மடங்கு பெரிதாக்கும் லூப் எனும் கைக்கண்ணாடி போதும். அச்சுப் பிரதியில் சாம்பல் பகுதிகள் புள்ளிகளாகப் பிரியும். இங்க்ஜெட் நகலில் கறுப்புக் கோட்டின் விளிம்பிலேயே வண்ணத் துளிகள் சிதறியிருக்கும். மூலத்தில் கோடு ஒரே சீராக இருக்காது. தூரிகை தாளை விட்டு எழும் இடத்தில் மை மெலிந்து நார் நாராகப் பிரியும். தாளைச் சாய்த்து விளக்கைப் பக்கவாட்டில் காட்டினால் மை படிந்த இடம் லேசாக மினுங்கும், வெள்ளைத் திருத்தம் மேடாகத் தெரியும். அடியில் வெளிர்நீலப் பென்சில் கோடுகள் இருந்தால் அவற்றை அழிக்கவே கூடாது. கேமராவின் பிலிமில் நீலம் விழாது என்பதால் ஓவியர்கள் அதை அழிக்காமல் விட்டார்கள். படம் எப்படி எழும்பியது என்பதற்கு அதுதான் ஆதாரம்.

இவ்வளவு மெனக்கெடல் எதற்கு என்றால், அச்சுப் பிரதி தொலைந்தாலும் இன்னொன்று எங்காவது இருக்கும். 1947-இல் தொடங்கிய அம்புலிமாமா, 1972-இல் வந்த முத்து காமிக்ஸ், 1984-இல் வந்த லயன் காமிக்ஸ் இவற்றின் பழைய இதழ்களைத் தேடிச் சேர்ப்பவர்கள் ஊருக்கு ஊர் உண்டு. பக்கத்துக் கோட்டையூரில் ரோஜா முத்தையா சேர்த்து வைத்த நூல்களும் இதழ்களும்தான் 1994-இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகத்துக்கு அடித்தளம் ஆயின. ஆனால் அச்சுக்குப் போன மூலத் தாள், வேலை முடிந்ததும் பழைய பேப்பரோடு போவதுதான் வழக்கம். தப்பிய ஒன்றைச் செல்லரிக்க விட்டால் அதோடு சரி.

பலூன்கள்

ரப்பர் சொல்யூஷனில் ஒட்டிய வசனத் துண்டுகள்தான் இந்த வகைப் பக்கங்களில் முதலில் கெடும். சில பத்தாண்டுகளில் அந்தச் சொல்யூஷன் பிசுபிசுப்பை இழந்து பழுப்பாகும், துண்டு உதிரும், கறை துண்டையும் தாண்டி அட்டைக்குள் இறங்கும். இறங்கிய கறையை வீட்டில் எடுக்க முயல வேண்டாம். பெட்ரோலோ தின்னரோ தொட்டால் கறை பரவி வளையமாக நிற்கும். அது பயிற்சி பெற்ற பாதுகாப்பாளர் வேலை.

உதிர்ந்த துண்டை மறுபடி ஒட்டலாம். முதலில் பக்கத்தை 600 டிபிஐயில் ஸ்கேன் செய்து ஒவ்வொரு துண்டும் இருந்த இடத்தைப் பதிவு செய்தாயிற்று. பழைய பசை விட்ட பழுப்பு நிழலே துண்டு எங்கே இருந்தது என்று காட்டிவிடுகிறது. வசன எழுத்து நீரில் கரைகிறதா என்று, பஞ்சுக் குச்சி நுனியை மட்டும் நனைத்து ஒரு புள்ளியின் ஓரத்தில் தொட்டுப் பார்க்க வேண்டும். இந்தியன் இங்க் கலங்காது. மார்க்கர், ஃபவுண்டன் பேனா மை பெரும்பாலும் கலங்கும். கலங்கினால் ஈரப் பசை கூடாது. துண்டின் நான்கு மூலைகளில் மட்டும், கடுகளவு பசை. முழுக்கத் தடவினால் காயும்போது துண்டு சுருங்கி அட்டையையும் இழுத்து வளைக்கும்.

பசை

இது கோதுமை ஸ்டார்ச்சில் காய்ச்சிய பசை. மைதாப் பசை அல்ல. மைதாவில் பசையம் இருப்பதால் பசை மஞ்சளாகும், ராமபாணப் பூச்சியும் வரும். பைண்டிங் பட்டறையில் பூச்சிக்காகப் பசையில் சேர்க்கிற மயில்துத்தம் இங்கே இன்னும் மோசம். அதிலுள்ள தாமிரம் தாளின் நாரை ஆக்சிஜனேற்றம் அடைய வைத்து, பசை பட்ட இடத்தை மட்டும் பழுப்பாக்கி நொறுங்க விடும்.

20 கிராம் ஸ்டார்ச், 100 மி.லி. காய்ச்சி வடித்த நீர். ஒரு மணி நேரம் ஊறவிட்டு, கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்துச் சிறு தீயில் 25 முதல் 30 நிமிடம் கைவிடாமல் கிளற வேண்டும். வெள்ளை நிறம் போய் கண்ணாடிபோல் ஆகும். கரண்டியைத் தூக்கினால் சொட்டாமல் தகடாக விழும். அதற்குமுன் இறக்கினால் ஒட்டும் வலு வராது. ஆறியபின் நைலான் சல்லடையில் இரண்டு மூன்று தடவை தேய்த்து வடித்து, நீர் சேர்த்து மோர்க்குழம்பு பதத்துக்குக் கொண்டுவரலாம். ஃபிரிட்ஜில் நாலு நாள் தாங்கும். இந்த ஊர் வெக்கையில் வெளியே ஒரு ராத்திரி வைத்தாலே புளித்துவிடும். புளித்ததைக் கொட்டிவிட வேண்டும்.

சட்டமும் உள்ளடுக்கும்

வாங்குமுன் சட்டத்தைக் கறுப்புத் தாள்மேல் தட்டிப் பார்க்கவும். மாவுபோல் தூள் உதிர்ந்தால் உளு உயிரோடு இருக்கிறது. அதை வீட்டுக்குள்ளேயே கொண்டுவர வேண்டாம். நல்ல தேக்காக இருந்தாலும் சட்டத்தின் உள்படியில், அதாவது கண்ணாடியும் அட்டையும் உட்காரும் பள்ளத்தில், அலுமினியத் தகட்டு டேப் ஒட்டியாக வேண்டும். மரத்திலிருந்து வரும் அமில ஆவியும் தேக்கின் எண்ணெயும் அட்டைக்குப் போகாமல் அது தடுக்கும்.

படி அளவு 42 × 57.5 செ.மீ. உள்ளே போகும் ஒவ்வொன்றையும் 41.6 × 57.1-க்கு வெட்ட வேண்டும். சுற்றிலும் 2 மி.மீ. விடாவிட்டால், மழைக்காலத்தில் அட்டை விரியும்போது மரத்தில் முட்டி நடுவில் புடைக்கும். படத்தைச் சுற்றி நிற்கும் அட்டையான மவுண்டின் ஜன்னல் 27.2 × 42.2, பக்கத்தின் ஓரத்தை 4 மி.மீ. மட்டும் பிடிக்கிறது. மவுண்டின் ஓரம் இடம், வலம், மேல் மூன்றிலும் 7.2, கீழே 7.7 செ.மீ. கீழே அரை சென்டிமீட்டர் கூடுதலாக இருந்தால்தான் படம் சரிந்து விழுவதுபோல் தெரியாது.

அட்டை பருத்தி நாரில் செய்ததாக இருக்க வேண்டும். கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் மவுண்ட் போர்டு மேலே வெள்ளை, நடுவே மரக்கூழ். சில ஆண்டுகளில் ஜன்னலின் சாய்வெட்டு பழுப்பாகும், அதே பழுப்பு படத்தில் சட்டம் போட்டதுபோல் கோடாக இறங்கும். துண்டு அட்டையில் பிஎச் பேனாவால் ஒரு கோடு இழுத்தால் ஊதா நிறம் வர வேண்டும். மஞ்சளாக நின்றால் அமிலம். படத்தின்மேல் அந்தப் பேனாவை ஒருபோதும் வைக்காதீர்கள்.

அடுக்கு இப்படி: முன்னால் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் அக்ரிலிக் 3 மி.மீ., 1.5 மி.மீ. அட்டை இரண்டு சேர்த்த ஜன்னல் 3 மி.மீ., படம் 0.5, பின்னட்டை 1.5, கடைசியாக சன்பேக் எனும் பிளாஸ்டிக் ஷீட் 3. மொத்தம் 11 மி.மீ. பழைய சட்டத்தின் உள்படி ஆழமும் 11 மி.மீ.தான். ஆணிக்கு இடமில்லாததால் பின்னால் சுற்றிலும் 8 மி.மீ. தேக்கு ரீப்பர் சேர்த்தாயிற்று. ஜன்னல் அட்டையை இரட்டையாக வைத்ததற்குக் காரணம் பலூன்கள். ஒற்றை அட்டையில் வெயில்கால அக்ரிலிக் உள்வாங்கி மேடான துண்டைத் தொட்டுவிடும். தொட்ட இடத்தில் ஈரம் தேங்கும், மை அக்ரிலிக்கோடு ஒட்டும்.

விளம்பரப் பலகைக் கடையின் சாதாரண அக்ரிலிக் புற ஊதாவைப் போதுமான அளவு தடுக்காது. வாங்கும்போதே கேட்டு வாங்க வேண்டும். பென்சில் அதிகமுள்ள, அல்லது வெள்ளை செதிலாக உதிரும் பக்கத்துக்கு அக்ரிலிக்கே வேண்டாம். துடைக்கும்போது எழும் நிலைமின்சாரம் செதிலைப் பிடுங்கிவிடும். அதற்கு புற ஊதா தடுக்கும் கண்ணாடிதான்.

கீல்

படத்தின் பின்பக்கத்தில் செலோ டேப்பும் இருபக்க டேப்பும் எந்தக் காரணத்துக்கும் கூடாது. படத்தைப் பின்னட்டையில் தொங்கவிடும் கீலுக்கு, ஜப்பானிய கோசோ தாளில் 2.5 × 4 செ.மீ. துண்டு இரண்டு. தாளைக் கத்தியால் வெட்டாமல், ஈரத் தூரிகையால் கோடு போட்டு இழுத்துக் கிழித்தால் ஓரத்தில் நார் நிற்கும். அந்த நார்தான் பிடிக்கும், படத்தின் முன்பக்கத்தில் வரம்பும் தெரியாது. துண்டின் ஓரத்தில் 6 மி.மீ. மட்டும் பசை தடவி, ஒரு நிமிடம் ஈரம் குறையவிட்டு, படத்தின் மேல்விளிம்பில் பின்பக்கமாக வைத்து, ஒற்றுத்தாள், அதன்மேல் கண்ணாடித் துண்டு, எடை. பத்து நிமிடத்தில் ஒற்றுத்தாளை மாற்றிவிட்டு மேலும் ஒரு மணி நேரம். மேலே நீளும் பகுதியைப் பின்னட்டையில் ஒட்டி, அதன் குறுக்கே இன்னொரு கோசோத் துண்டு. கீழே ஒட்டவே கூடாது; தாள் விரிந்து சுருங்க வழி வேண்டும். சட்டம் கீழே விழுந்தால் முதலில் கிழிய வேண்டியது கீல்தான், படம் அல்ல. அதனால்தான் மெல்லிய தாள்.

மாட்டிய இடம்

முற்றத்தை ஒட்டிய வளவுச் சுவரில் மாட்டவில்லை. அங்கே நடுப்பகல் வெளிச்சம் தரையில் பட்டு மேலே அடிக்கும், ஐப்பசியில் சாரலும் வரும். சாமி அறைப் பக்கமும் விளக்குப் புகையால் ஆகாது. இரண்டாம் கட்டின் உள்சுவர்தான் சரி. முட்டை வெள்ளைக்கரு சேர்த்து வழவழப்பாக்கிய பழைய சுண்ணாம்புப் பூச்சில் ஆணி அடித்தால் தட்டுத்தட்டாகப் பெயரும், அதே பூச்சைத் திரும்பப் பூச ஆள் கிடைப்பது அரிது. மேலேயுள்ள மர விட்டத்திலிருந்து இரண்டு கம்பி, சட்டத்தில் இரண்டு வளையம், கீழ்மூலைகளில் ரப்பர் பொத்தான். சுவருக்கும் சட்டத்துக்கும் இடையே காற்று ஓடும்.

வெளிச்சம் 50 லக்ஸ், ஆண்டில் மூன்று மாதம். மீதி நாளில் அதே சட்டத்தில் நல்ல அச்சு நகல் தொங்கட்டும். இந்தியன் இங்க் கரி மை என்பதால் மங்காது, ஆனால் தாள் மஞ்சளாகும். ஓரத்துச் சிவப்புக் குறிப்புதான் முதலில் காணாமல் போகும்.

ஈரப்பதம் 45 முதல் 55 விழுக்காடு நல்லது. பங்குனி, சித்திரையில் பகலில் அதற்கும் கீழே போகும்; அடைமழையில் 80-ஐத் தாண்டும். நீண்ட நாள் 65-க்கு மேல் நின்றாலே பூஞ்சணம் வரும். சட்டத்துக்குள் நீல சிலிக்கா பொட்டலம் போட வேண்டாம். அது தாளை அதிகமாகக் காய வைத்து வளைக்கும். பூஞ்சணம் கண்டால் வெயிலில் போடக்கூடாது. நிழலில், காற்றோட்டத்தில் காயவைத்து, என்95 முகக்கவசம் போட்டு வீட்டுக்கு வெளியே மென்தூரிகையால் தட்ட வேண்டும்.

பெட்டியில் இருப்பவை

தொங்காத பக்கங்கள் பாலியெஸ்டர் உறையில், அமிலமற்ற அட்டைப் பெட்டியில், இரும்பு பீரோவின் நடுத்தட்டில் படுத்த நிலையில். பிவிசி உறை மையைத் தூக்கிவிடும். பாச்சை உருண்டை வேண்டாம். வசம்பைத் துணிப்பையில் கட்டி பீரோவின் மூலையில் வைக்கலாம், பெட்டிக்குள் அல்ல, எண்ணெய் கறையாகும். புரட்டாசிக்கு முன்னும் தை பிறந்தபின்னும் ஒவ்வொரு உறையையும் எடுத்துப் பார்க்க வேண்டும்.

புரோமைடில் எடுத்து வசனம் ஒட்டிய மொழிபெயர்ப்புக் கதைப் பக்கங்களை மட்டும் தனிப்பெட்டிக்கு மாற்றியிருக்கிறோம். அவை வெள்ளி உப்பில் உருவான புகைப்படத் தாள். காரம் சேர்க்காத தாளைத்தான் இடையில் வைக்க வேண்டும். கந்தகம் கலந்த ரப்பர் சொல்யூஷன் உள்ள பக்கத்தோடு சேர்த்து வைத்தால் படத்தின் கறுப்பு மஞ்சளாகி, விளிம்பில் கண்ணாடிபோல் மினுங்கத் தொடங்கும்.