லேப் இல்லாத காலத்தில் சினிமா படிப்பது

சிங்கப்பூரில் ஜூன் மாதம் வந்தால் போதும், சொந்தக்காரர்கள், நண்பர்களின் நண்பர்கள் என்று யாராவது ஒருவர் ஒரே கேள்வியோடு அழைப்பார்கள். "அண்ணா, பாலிக்கு இ.ஏ.இ. போடப் போறேன். ஃபிலிம் கோர்ஸ். எந்த கேமரா வாங்கலாம்?" சில சமயம் பிள்ளையின் அம்மாவே கேட்பார். இ.ஏ.இ. என்பது ஓ லெவல் தேர்வு எழுதுவதற்கு முன்பே ஆர்வத்தையும் திறமையையும் பார்த்து பாலிடெக்னிக்கில் இடம் தருகிற முறை அல்லவா, அதனால் விலையுள்ள கேமரா கையில் இருந்தால் ஆர்வம் கண்ணுக்குத் தெரியும் என்று நினைக்கிறார்கள். வாங்காதீர்கள் என்பதுதான் என் பதில். கையில் உள்ள போனே போதும். காசு செலவழித்தே ஆக வேண்டும் என்றால் இரண்டு ஹார்ட் டிஸ்க் வாங்குங்கள். இதைக் கேட்டதும் எதிர்முனையில் கொஞ்ச நேரம் பேச்சு இருக்காது. அதனால் காரணத்தை விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

நான் பாலியில் சேர்ந்தது 2003இல். காலையில் 16 எம்.எம். கேமராவில் ரோல் மாட்டச் சொல்லித் தருவார்கள், மதியம் மினி டிவி என்ற சின்ன டிஜிட்டல் வீடியோ டேப்பில் படம் பிடிப்போம். 100 அடி ரோல் ஒன்று 3 நிமிடம்கூட ஓடாது. 400 அடி என்றால் 11 நிமிடம். டேப்போ முழுசாக ஒரு மணி நேரம் ஓடும். பதினேழு வயதில் யாருக்கு எது பிடிக்கும் என்று சொல்லவே வேண்டாம். ஃபிலிம் போகிறதே என்ற கவலை லெக்சரர்களுக்குத்தான் இருந்தது, எங்களுக்கு இல்லை.

படிப்பு முடிந்து 2006இல், ஆண்களுக்குக் கட்டாயமான தேசிய சேவைக்குப் போனேன். அந்த இரண்டு வருடத்துக்குள் ரெட் ஒன் என்ற டிஜிட்டல் சினிமா கேமரா வந்துவிட்டது. நான் வெளியே வந்த 2008இல், வீடியோவும் எடுக்கும் ஸ்டில் கேமராவான கேனான் 5டி மார்க் 2 வந்தது. டேப்போடு போனவன் மெமரி கார்டு உலகத்துக்குத் திரும்பினேன். என்னோடு படித்த பெண்கள் அதற்குள் இரண்டு வருட வேலை அனுபவத்தோடு இருந்தார்கள், பாதி விஷயத்தை அவர்களிடம்தான் கற்றுக்கொண்டேன். அப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது. 2010இல் ஆரி அலெக்ஸா டிஜிட்டல் கேமரா வந்தது. 2012 ஜனவரியில் ஃபிலிம் தயாரித்த கோடாக் நிறுவனம் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது. 2013இல் ஃபுஜி சினிமா ஃபிலிம் தயாரிப்பதையே நிறுத்தியது. தமிழ் சினிமாவில் ஒளிப்பதிவாளர் பி.சி. ஸ்ரீராம் 2004லேயே 'வானம் வசப்படும்' படத்தை டிஜிட்டலில் எடுத்துக் காட்டியிருந்தார். சிங்கப்பூரில் வேடிக்கை என்னவென்றால், பெரிய பள்ளிகள் பல இதே சமயத்தில்தான் கடை திறந்தன. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் (என்.டி.யு.) கலை, வடிவமைப்பு, ஊடகப் பள்ளி 2005இல் வந்தது. நியூயார்க் பல்கலைக்கழகத்தின் டிஷ் ஏஷியா திரைப்படப் பள்ளி 2007இல் வந்து 2015இல் மூடப்பட்டது. எதைச் சொல்லிக் கொடுப்பது என்று பாடத்திட்டம் போட்டு முடிப்பதற்குள் கருவியே மாறிவிடுகிற காலம் அது.

அந்த மாற்றத்தில் காணாமல் போனது லேப். இன்றைய மாணவர்களுக்கு அது என்ன வேலை செய்தது என்பதே தெரியாது. லேப் என்றால் ஃபிலிம் கழுவுகிற இடம் மட்டும் இல்லை. எங்கள் ரோல்கள் வெளிநாட்டு லேபுக்குப் போகும். அவர்கள் கழுவுவார்கள், எடுத்ததை உடனே போட்டுப் பார்க்க ரஷ் பிரிண்ட் போடுவார்கள், நெகட்டிவைப் பத்திரமாக வைப்பார்கள், கடைசியில் காட்சிக்குக் காட்சி நிறத்தைச் சமன்படுத்துவார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, முகம் தெரியாத ஒரு டெக்னீஷியன் நாம் எடுத்ததைப் பார்த்து ரிப்போர்ட் எழுதுவார்: நெகட்டிவ் மெலிசாக, அதாவது ஒளி குறைவாகப் பதிந்து இருக்கிறது, கேமராவுக்குள் ஃபிலிம் ஓடும் 'கேட்' துளையில் முடி மாட்டியிருக்கிறது, மூன்றாவது ரோலில் கீறல். ஃபிலிம் ஒழுக்கம் கற்றுக்கொடுத்தது என்று பெரியவர்கள் சொல்வதை நான் முழுக்க ஏற்பதில்லை. ஃபிலிமில் ஒழுங்கில்லாமல் எடுத்தவர்களையும் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆனால் நம்மைத் தவிர இன்னொரு ஜோடிக் கண் ஒவ்வொரு அடியையும் பார்த்தது. அது இப்போது இல்லை. அந்த வேலை மொத்தமும் மாணவர் தலையில் விழுந்திருக்கிறது, அதை யாரும் தனியாக ஒரு பாடமாகச் சொல்வதும் குறைவு. நீங்களாகத்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

முதலில் வெளிச்சம். நெகட்டிவில் நிழல் பகுதிதான் முதலில் செத்துப்போகும். அதனால் கொஞ்சம் கூடுதலாக ஒளி கொடுப்பது பழைய கேமராமேன்களின் பழக்கம். டிஜிட்டலில் தலைகீழ். பிரகாசமான பகுதி எல்லை தாண்டினால் அங்கே விவரமே பதியாது, பிறகு எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. எங்கள் பாடக் குறிப்பில் குறிப்பிட்ட பிரகாசத்தில் கேமரா திரையில் வரிக்கோடு காட்டும் ஸீப்ராவை 70 சதவீதத்தில் வைத்து, முகத்தின் வெளிச்சப் பக்கத்தில் கோடு லேசாகத் தெரியும்வரை லென்ஸின் ஒளித் துளையான ஐரிஸைத் திற என்று இருந்தது. வெளுத்த தோலை மனதில் வைத்து வந்த கணக்கு அது. நம் ஆள் ஒருவரை, அதுவும் வெள்ளை வேட்டி சட்டையில் நிற்க வைத்து இப்படிச் செய்து பாருங்கள். முகம் சாம்பல் பூத்து நிற்கும், சட்டை வெறும் வெள்ளைக் காகிதம் ஆகிவிடும். கல்யாண வீட்டுக் காட்சி என்றால் ஜரிகையும் போய்விடும்.

செய்ய வேண்டியது, ஐரிஸைச் சட்டைக்காக வைத்துவிட்டு முகத்துக்குத் தனியாக வெளிச்சம் கொண்டுவருவது. சென்னை யூனிட்களில் வெளிச்சத்தை முகத்துக்குத் திருப்பிவிட தெர்மகோல் பிடிக்கிற உதவியாளரைச் சும்மா நிற்கிறார் என்று நினைத்துவிடாதீர்கள், பாதிப் படம் அவர் கையில்தான் இருக்கிறது. கருத்த முகம் ஒளியை உள்ளே வாங்குவதைவிட மேற்பரப்பில் பிரதிபலிப்பதில்தான் அழகாகத் தெரியும். அதனால் பக்கவாட்டிலிருந்து பெரிய, மென்மையான ஒளி கொடுத்தால் கன்ன எலும்பும் நெற்றியும் எழுந்து வரும். வெவ்வேறு தோல் நிறமுள்ள நண்பர்கள் நான்கு பேரை ஜன்னல் ஓரம் உட்கார வைத்து, ஒளியை அளக்க உதவும் 18 சதவீத சாம்பல் அட்டை ஒன்றைப் பக்கத்தில் பிடித்து, ஒவ்வொரு ஸ்டாப்பாக, அதாவது ஒளியைப் பாதியாக்கியோ இரட்டிப்பாக்கியோ மாற்றி எடுத்து, எதில் என்ன ஆனது என்று நோட்டில் எழுதுங்கள். லேப் டெக்னீஷியன் எழுதிய ரிப்போர்ட்டை இப்போது நீங்கள் எழுதுகிறீர்கள், அவ்வளவுதான். இந்த நோட்டை இன்டர்வியூவுக்கு எடுத்துப் போனால் அரைகுறைக் குறும்படம் மூன்றைவிட அது அதிகம் பேசும்.

அடுத்தது மினுக்கல். நம்மூர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். சாதாரண டியூப் லைட் நொடிக்கு 100 முறை துடிக்கும். இணையத்தில் பார்க்கிற அமெரிக்கப் பாடங்கள் 60 ஹெர்ட்ஸ் ஊருக்கானவை. 24 ஃபிரேமில் எடுத்தால் ஷட்டரை 48இல் ஒரு பங்கு நொடி வை என்பார்கள். இங்கே அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்திலோ தாழ்வாரத்திலோ அப்படி வைத்தால் சுவர் மூச்சு விடுவது மாதிரி மினுக்கும். 50இல் ஒரு பங்கு என்று மாற்றுங்கள். ஷட்டரைக் கோணக் கணக்கில் காட்டும் கேமரா என்றால் 172.8 டிகிரி. மலிவான எல்.இ.டி. விளக்குகள் எந்தக் கணக்குக்கும் அடங்காது. பத்து நொடி எடுத்து, பெரிய திரையில் வெறும் சுவரைப் பார்த்துவிட்டு அப்புறம் நடிகரைக் கூப்பிடுங்கள்.

சரி, ஹார்ட் டிஸ்க் கதைக்கு வருகிறேன். எடிட்டிங்குக்கு ஏற்ற ப்ரோரெஸ் எச்.க்யூ. என்ற வீடியோ வடிவில் 1080 படம் ஒரு மணி நேரத்துக்குக் கிட்டத்தட்ட 80 ஜிபி. மினி டிவி டேப்பில் அதே ஒரு மணி நேரம் 13 ஜிபிதான். டேப்பை அழித்து மறுபடி பயன்படுத்த யாருக்கும் மனசு வராது, அது அலமாரியில் அப்படியே இருக்கும். கார்டு அப்படி இல்லை. மாலையில் காலி செய்தால்தான் நாளைக்கு ஷூட்டிங். எனக்குத் தெரிந்த ஒரு குழு, இறுதியாண்டுப் படத்துக்காக உபின் தீவில் இரண்டு இரவு எடுத்ததை ஒரே டிஸ்க்கில் போட்டு வைத்திருந்தது. படகை விட்டு இறங்கும்போது பை கீழே விழுந்தது. நடிகர்களில் ஒருவருக்கு அடுத்த வாரம் தேசிய சேவை. மறுபடி எடுக்க வழியே இல்லை, அந்தக் காட்சிகள் இல்லாமலே படத்தை முடித்தார்கள்.

குழுவில் ஒருவருக்கு இது மட்டுமே வேலை என்று வையுங்கள். அவர் லைட் தூக்கக் கூடாது, சாப்பாடு வாங்கப் போகக் கூடாது. கார்டிலிருந்து இரண்டு தனித்தனி டிஸ்க்குக்கு நகல், வெறுமனே இழுத்துப் போடாமல், நகல் மூலத்தோடு அச்சாக ஒத்துப்போகிறதா என்று செக்சம் எண்ணை வைத்துச் சரிபார்க்கும் மென்பொருள் வழியாக. இரண்டும் சரி என்று வந்து, ஒருவர் நான்கைந்து கிளிப்பை ஓட்டிப் பார்த்த பிறகுதான் கார்டை ஃபார்மட் செய்யலாம். இரண்டு டிஸ்க்கும் ஒரே பையில் வீட்டுக்குப் போகக் கூடாது. ஃபோல்டருக்குத் தேதியும் கார்டு எண்ணும் பெயராக இருக்கட்டும், 'ஃபைனல் நியூ 2' என்றெல்லாம் வேண்டாம். ஒவ்வொரு ஷாட்டின் விவரத்தையும் எழுதும் கேமரா ரிப்போர்ட் தாளையும் விடாதீர்கள். லேப் கேட்டதால் நாங்கள் நிரப்பினோம். இப்போது யாரும் கேட்பதில்லை, ஆகவே யாரும் நிரப்புவதில்லை, எடிட்டர்தான் அழுகிறார்.

எடுத்த அன்று இரவே ரஷ் பாருங்கள், இயக்குநரும் கேமராமேனும் சேர்ந்து. கேமராவின் சின்னத் திரையில் பார்த்ததைக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஃபோகஸ் போனது அதில் தெரியாது.

24 ஃபிரேமா 25 ஃபிரேமா என்பதைக் கதை எழுதும்போதே முடிவு செய்துவிடுங்கள். வசந்தம் மாதிரி தொலைக்காட்சிக்கு என்றால் 25. தியேட்டருக்கும் திரைப்பட விழாவுக்கும் போகும் டிஜிட்டல் கோப்புத் தொகுப்பான டி.சி.பி. என்றால் 24தான் எங்கும் சிக்கலில்லாமல் ஓடும். 25இல் எடுத்த 10 நிமிடப் படத்தை 24க்கு மெதுவாக்கினால் 25 நொடி நீளும், குரலும் கொஞ்சம் கனத்துவிடும். பாட்டு இருந்தால் சுருதி இறங்குவது நம் காதுக்கு உடனே தெரியும்.

தமிழில் டைட்டில் போடுபவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. எடிட்டிங் மென்பொருள்கள் சிலவற்றில் 'கொ', 'கை' போன்ற எழுத்துகள் உடைந்து, கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் உட்காரும். பிரீமியர் மென்பொருளில் தெற்காசிய எழுத்துகளுக்கென்று தனி டெக்ஸ்ட் எஞ்சின் அமைப்பு இருக்கிறது, அதை முதலில் மாற்றுங்கள். மாற்றிய பிறகும் தமிழ் தெரிந்த ஒருவர் டி.சி.பி.யை நிஜத் திரையில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். வகுப்பில் நீங்கள் ஒருவர்தான் தமிழ் என்றால், அந்த வேலையும் உங்களுடையதுதான். நிறத்தைச் சமன்படுத்தும் கலர் கிரேடிங்குக்கு டாவின்சி ரிசால்வ் மென்பொருளின் இலவசப் பதிப்பே மாணவர்களுக்குத் தாராளம்.

இனி, எங்கே படிப்பது என்ற கேள்வி. கான் திரைப்பட விழாவில் 2013இல், முதல் படத்துக்குத் தரும் கேமரா டோர் விருது வாங்கிய அந்தோனி சென் படித்தது நீ ஆன் பாலிடெக்னிக்கில். பட்டப்படிப்பு என்றால் என்.டி.யு., இப்போது சிங்கப்பூர்க் கலைப் பல்கலைக்கழகத்தின் அங்கமாகிவிட்ட லாசால் என்று வழிகள் இருக்கின்றன. எது உசத்தி என்று நான் சொல்லப் போவதில்லை. ஓப்பன் ஹவுஸ் நாளில் கேமராக்களை வரிசையாக அடுக்கி வைத்து அசத்துவார்கள். அவற்றைத் தாண்டிப் போய், எடிட் அறையைக் காட்டச் சொல்லுங்கள். மாணவருக்கு சர்வரில் எவ்வளவு இடம், நிறம் சரியாகத் தெரிய மானிட்டரைக் கடைசியாக எப்போது காலிபிரேட் செய்தார்கள், ரஷ்ஷை லெக்சரர் உட்கார்ந்து பார்ப்பாரா அல்லது முடிந்த படத்தை மட்டும்தானா என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு "ரஷ் பார்ப்போம்" என்று பதில் வந்தால், அந்த இடத்தைப் பட்டியலில் மேலே ஏற்றுங்கள். ஃபிலிம் கேமரா இருக்கிறதா என்று கேட்பது உங்கள் இஷ்டம். ஒருமுறை ரோல் மாட்டிப் பார்ப்பது நல்ல அனுபவம்தான், அதற்காகவே ஒரு பள்ளியைத் தேர்ந்தெடுக்க நான் சொல்ல மாட்டேன்.

இன்டர்வியூவில் உங்களுக்குப் பிடித்த படம் எது என்று கேட்பதோடு விடமாட்டார்கள். நீங்கள் எடுத்த ஒரு ஷாட்டைக் காட்டி, கேமராவை ஏன் இங்கே வைத்தாய், அங்கே வைத்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்பார்கள். மனப்பாடப் பதில் இங்கே செல்லாது. பாட்டி பூ கட்டுவதைப் போனில் ஒரு நிமிடம் எடுத்திருந்தாலும், ஜன்னல் வெளிச்சம் எந்தப் பக்கம் என்று யோசித்து எடுத்திருந்தால் அது பேச்சிலேயே தெரிந்துவிடும்.

படித்து முடிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். பள்ளி சர்வரில் உங்கள் படம் எத்தனை மாதம் இருக்கும், உரிமை யாருடையது, விழாக்களுக்கு அனுப்பப் போவது பள்ளியா நீங்களா என்பதை எழுத்தில் வாங்குங்கள். மாஸ்டர் கோப்பு, சப்டைட்டில் கோப்பு, வசனம், இசை, சத்தம் எனப் பிரித்த ஆடியோ டிராக்குகள், எழுத்துரு கோப்பு, எல்லாவற்றையும் பிரதி எடுங்கள். என் இறுதியாண்டுப் படம் மினி டிவியில் இருந்தது. அதை ஓட்டும் டெக்கை இப்போது யாரும் தயாரிப்பதில்லை, அதை இணைக்கும் ஃபயர்வயர் துளை உள்ள மடிக்கணினியும் கிடைப்பதில்லை. இரண்டையும் இரவல் வாங்கித்தான் கோப்பாக மாற்றினேன். நம்மூர் ஈரப்பதத்தில் பழைய அசிடேட் ஃபிலிம் வினிகர் வாடை அடித்துச் சுருங்கிப்போகும் என்பதால் ஏஷியன் ஃபிலிம் ஆர்கைவ் 2005 முதல் குளிர் அறைகளுக்காகவும் நகலெடுப்பதற்காகவும் மெனக்கெடுகிறது. டிஸ்க்குக்கு வாடை வராது, ஒருநாள் சுழலாமல் நின்றுவிடும். ஆண்டுக்கு ஒருமுறை, தீபாவளி விடுமுறை போல மறக்காத ஒரு நாளில், எல்லாக் கோப்பையும் திறந்து பாருங்கள். நான்கைந்து வருடத்துக்கு ஒருமுறை புது டிஸ்க்குக்கு மாற்றிவிட்டுப் பழையதையும் தூக்கிப் போடாமல் வேறு வீட்டில் வையுங்கள்.