ராடு ஒட்டிக்கொண்டால் மிஷின் போய்விடுமா?

வெல்டிங் பழகுகிற எல்லோருக்கும் இந்தப் பயம் வரும். உருகி இணைப்பாகிற வெல்டிங் ராடு இரும்பில் ஒட்டிக்கொள்ளும், மிஷின் உறுமும், கை அப்படியே நின்றுவிடும். கிரில் பட்டறையில் நான் சேர்ந்த முதல் வாரத்தில் தினமும் 20 தடவையாவது ஒட்டியிருக்கும், ஒவ்வொரு தடவையும் முதலாளியின் மிஷினை எரித்துவிட்டேனோ என்றுதான் நினைத்தேன்.

ஒன்றிரண்டு வினாடி ஒட்டினால் ஒன்றும் ஆகாது. ராடு இரும்பைத் தொட்டால்தானே ஆர்க், அதாவது இரும்பை உருக்குகிற மின்பொறி, பிடிக்கும், தொடுகிற அந்தக் கணமே ஷார்ட் சர்க்யூட்தான், அதைத் தாங்குகிற மாதிரிதான் மிஷினையே செய்திருக்கிறார்கள். கார் பேட்டரியின் இரண்டு முனைகளுக்கும் குறுக்கே ஸ்பேனர் விழுந்தால் கரண்ட் தறிகெட்டுப் பாயும். வெல்டிங் மிஷினில் அப்படி இல்லை. சும்மா இருக்கும்போது 50 முதல் 80 வோல்ட் வரை இருக்கும், ஆர்க் எரியும்போது 20, 25க்கு வரும், ஒட்டிக்கொண்டால் அதற்கும் கீழே சில வோல்ட்டுக்குப் போய்விடும். ஆம்ப்ஸ் மட்டும் நாம் வைத்ததைவிடக் கொஞ்சம் கூடும்.

அந்தக் கொஞ்சத்தை அப்படியே விட்டுவைத்தால்தான் ஆபத்து. ஆம்ப்ஸ் 20 சதவீதம் கூடினால் மிஷினுக்குள் இருக்கிற கம்பிச் சுற்றில், அதாவது வைண்டிங்கில், சூடு 44 சதவீதம் கூடும். பழைய டிரான்ஸ்ஃபார்மர் மிஷின் பலவற்றில் இதைத் தானாக நிறுத்த எதுவும் கிடையாது, அந்தக் கம்பிமேல் பூசிய வார்னிஷ் கருகுகிற வாசனைதான் எச்சரிக்கை. எங்கள் பட்டறையில் ஒரு பையன் ஒட்டின ராடை அப்படியே விட்டுவிட்டுச் சுத்தியல் தேடப் போனான், திரும்பி வருவதற்குள் ராடு முழுக்கச் செக்கச்செவேல் என்று ஆகி, அதன்மேல் பூசிய ஃபிளக்ஸ் உதிர்ந்து, கேபிள் முனையில் லூசாக இருந்த லக் பக்கத்தில் ரப்பரும் உருகியிருந்தது. மிஷின் தப்பியது. இப்போது வருகிற இன்வெர்ட்டர் மிஷின் நிறையவற்றில் ஆன்டி ஸ்டிக் இருக்கிறது, ஒட்டியதும் கரண்டைத் தானே குறைத்துவிடும்.

ஒட்டினால் மணிக்கட்டைப் பக்கவாட்டில் சட்டென்று திருப்புங்கள். வரவில்லையா, முகமூடியைக் கழற்றாமல், ராடைக் கவ்வியிருக்கிற ஹோல்டரை அழுத்தி ராடை விட்டுவிடுங்கள். அப்போது ஒரு பொறி பறக்கும், ஹோல்டர் வாயில் சின்னக் குழி விழும், பரவாயில்லை, ஹோல்டரை மாற்றிக்கொள்ளலாம். மிஷின் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் ஸ்விட்சை அணைப்பது இன்னும் நல்லது. சிவந்து ஃபிளக்ஸ் வெடித்த ராடை மறுபடி ஓட்டாதீர்கள்.

அப்புறம், அடிக்கடி ஒட்டுகிறது என்றால் குறை பெரும்பாலும் உங்கள் கையில் இல்லை. 10 நம்பர் ராடுக்கு (சுமார் 3 மி.மீ. தடிமன்) 70 ஆம்ப்ஸ் வைத்தால் ஒட்டத்தான் செய்யும், 6013 என்கிற சாதாரண வகை ராடு என்றால் 90 முதல் 130 வரை வேண்டும். ஐப்பசி மழையில் பாக்கெட்டைப் பிரித்து வைத்திருந்த ராடும் ஒட்டும். ஆனால் நான் அதிகம் பார்த்தது வேறு: வீட்டு பிளக்கிலிருந்து மெல்லிய வயரை 30 மீட்டர் இழுத்து மிஷினுக்குக் கொடுத்திருப்பார்கள், வோல்ட்டேஜ் வழியிலேயே விழுந்துவிடும், டயல் 110 காட்டினாலும் ராடுக்கு அது வந்து சேராது. ஐந்து நிமிடம் ஓட்டிவிட்டு, மிஷினை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, அந்த வயரைத் தொட்டுப் பாருங்கள். சுட்டால், முதலில் மாற்ற வேண்டியது வயரைத்தான்.