பச்சை இல்லாத ஊட்டி

ஊட்டிக்குப் போகிற எல்லோரும் பச்சையைப் படமெடுக்கத்தான் போகிறார்கள். நான் அந்தப் பச்சையை ஒழித்துக்கட்டப் போனேன். தோள்பையில் பழைய பென்டாக்ஸ் கே1000 கேமரா, தேதி முடிந்த கலர் ஃபிலிம் ரோல்கள், நானே புரட்டிச் சுற்றிய சில ரோல்கள், சினிமா ஃபிலிமிலிருந்து தயாரான 800டி, சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று ஃபில்டர், ஒரு முக்காலி. கூட வந்த மாமா மகனுக்கு இதெல்லாம் வேடிக்கை. "போன்ல ஒரு தட்டு தட்டினா விண்டேஜ் வந்துடும். இதுக்குப் போய் எதுக்கு மச்சான் இவ்வளவு மூட்டை?" என்று மேட்டுப்பாளையம் ஸ்டேஷனிலேயே ஆரம்பித்துவிட்டான். போன் எல்லாப் படத்துக்கும் ஒரே சாயத்தைப் பூசிவிடும், ஃபிலிமில் அன்றைய வெயிலும் மூட்டமும் சேர்ந்துதான் நிறத்தை முடிவு செய்யும் என்றேன். நான் முடிப்பதற்குள் அவன் காபி வாங்கப் போய்விட்டான்.

மலை ரயில் காலை 7:10க்குக் கிளம்புகிறது. டிக்கெட்டை முன்னாலேயே எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும், அன்று காலை போய் நின்றால் கிடைப்பது சந்தேகம். கல்லாறு தாண்டியதும் பல்சக்கரத் தண்டவாளம் ஆரம்பிக்கிறது. எஞ்சின் முன்னால் இருந்து இழுக்காமல் பின்னால் இருந்து தள்ளுகிறது. குன்னூர் வரை 1899லும் ஊட்டி வரை 1908லும் போட்ட பாதை. 46 கிலோமீட்டரில் 16 குகைகள். ஒவ்வொரு குகையிலும் பெட்டி முழுக்கக் கூச்சல்.

ரயிலுக்கு நான் வைத்திருந்தது தேதி முடிந்த ஃபிலிம். கலர் நெகட்டிவில் மூன்று அடுக்குகள் உண்டு. மேலே நீல ஒளியைப் பிடிப்பது, நடுவில் பச்சையை, அடியில் சிவப்பை. தேதி தாண்டியபின் மூன்றும் ஒரே வேகத்தில் கெடுவதில்லை. ஒன்று கொஞ்சம் சோர்ந்திருக்கும், இன்னொன்று அப்படியே இருக்கும். அந்த ஏற்றத்தாழ்வுதான் பழைய ஃபிலிமில் நாம் ரசிக்கிற விசித்திர நிறம். கூடவே படம் மங்கும், பொரிப்பொரியாகத் தெரியும். அதைச் சமாளிக்க பத்து ஆண்டுக்கு ஒரு ஸ்டாப், அதாவது இரண்டு மடங்கு, கூடுதலாக வெளிச்சம் கொடுப்பது பழக்கம். ஐஎஸ்ஓ என்பது ஃபிலிமின் வேகத்தைச் சொல்லும் எண், கேமராவில் அதைக் குறைத்து வைத்தால் கூடுதல் வெளிச்சம் போகும். 2004இல் தேதி முடிந்த 200 ஐஎஸ்ஓ ஃபிலிமை நான் 50 என்று வைத்து எடுத்தேன். இந்தக் கணக்கு நெகட்டிவுக்கு மட்டும்தான். நெகட்டிவ் இல்லாமல் நேராகப் படமே பதியும் ஸ்லைடு ஃபிலிமில் வெளிச்சம் கூடினால் படமே வெளுத்துவிடும். அதோடு, அந்த ரோல் இத்தனை வருஷம் எங்கே கிடந்தது என்பதும் முக்கியம். ஃபிரிட்ஜில் இருந்ததென்றால் தைரியமாக எடுக்கலாம். வெயில் காயும் கடை ஷோகேஸில் கிடந்ததென்றால் உங்கள் அதிர்ஷ்டம்.

என் ரோலில் நிழல்கள் எல்லாம் ஊதா கலந்து வந்தன. ரயில் பெட்டியின் நீலம் வண்ணான் கல்லில் நாள்தோறும் அடிபட்ட சட்டைபோல வெளிறியிருந்தது. ஹில்குரோவ் ஸ்டேஷனில் எஞ்சின் தண்ணீர் குடிக்கும்போது எழுந்த ஆவி மட்டும் லேசான இளஞ்சிவப்பு. வெள்ளையாக இருக்கும் எதிலும்தான் ஃபிலிமின் கோளாறு பளிச்சென்று தெரிகிறது. அதனால் தேதி முடிந்த ரோலை வைத்திருப்பவர்கள் ஆவி, மூட்டம், சுண்ணாம்புச் சுவர், வேட்டி என்று வெள்ளையைத் தேடிப்போய் எடுங்கள்.

அப்புறம் கேத்தி. குன்னூருக்கும் ஊட்டிக்கும் நடுவில், தேயிலையும் கேரட்டும் படிப்படியாக இறங்கும் பள்ளத்தாக்கு. புரட்டிச் சுற்றிய ரோலுக்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. இதை ரெட்ஸ்கேல் என்கிறார்கள். வேலை சுலபம். வெளிச்சம் புகாத கறுப்புப் பைக்குள் கையை விட்டு, ஃபிலிமை டப்பாவிலிருந்து இழுத்து, பின்பக்கம் லென்ஸைப் பார்க்கிற மாதிரி புரட்டி, இன்னொரு காலி ஸ்பூலில் டேப் போட்டு ஒட்டிச் சுற்ற வேண்டும். கேமராவில் பளபளப்பான பக்கம் முன்னால் தெரியும். ஏற்கெனவே சுற்றியே விற்கும் ரோல்களும் கிடைக்கின்றன, ஆனால் வீட்டில் கிடக்கும் சாதா 200 ஃபிலிமே போதும்.

இப்படிப் புரட்டினால் அடியில் இருந்த சிவப்பு அடுக்கு முதலில் வெளிச்சத்தைச் சந்திக்கிறது. அது வழக்கமான ஒளியை முழுசாக வாங்கிக்கொள்கிறது. அதைத் தாண்டி பச்சை அடுக்குக்குக் கொஞ்சம்தான் போகிறது. அதற்கும் பின்னால், நீல அடுக்குக்கு முன்னால் ஒரு மஞ்சள் வடிகட்டி இருக்கிறது. நீல ஒளி மற்ற இரண்டு அடுக்குகளுக்குப் போய்விடக் கூடாது என்று தொழிற்சாலையில் போட்டது. இப்போது அதுவே நீல அடுக்கைப் பட்டினி போடுகிறது. நீலம் போனால் மிச்சம் இருப்பது சிவப்பும் ஆரஞ்சும் மஞ்சளும்தான்.

எவ்வளவு வெளிச்சம் கொடுக்கிறோம் என்பதை வைத்து அதில் எது வரும் என்று ஓரளவு சொல்லிவிடலாம். 200 ஃபிலிமை 100 என்று வைத்தால் ரத்தச் சிவப்பு. 50இல் ஆரஞ்சு. 25இல் பொன் மஞ்சள், வானத்தில் லேசாகப் பச்சை கூட எட்டிப்பார்க்கும். கேத்தியில் ஒரே காட்சியை மூன்று அளவிலும் எடுத்தேன். எனக்குப் பிடித்தது 50. தேயிலைப் புதர்கள் செப்பு நிறத்தில் உருண்டு உருண்டு இறங்குகின்றன. நடுநடுவே நிழலுக்கு நட்ட சில்வர் ஓக் மரங்களின் சாம்பல் நிற அடிமரம் மட்டும் வெளிர் மஞ்சளாக நிற்கிறது. கொழுந்து பறிக்கும் பெண்கள் முதுகில் கட்டியிருந்த நீலப் பிளாஸ்டிக் ஷீட் கிட்டத்தட்டக் கறுப்பு. ஆனால் இதற்கு நல்ல உச்சி வெயில் வேண்டும். மூட்டம் இறங்கியபின் எடுத்தவை வெறும் ஆரஞ்சுச் சுவராக வந்திருக்கின்றன. முகங்களுக்கும் இது ஆகாது. மாமா மகனை எடுத்த படத்தில் அவன் அடுப்பங்கரைத் தீயில் வெந்தவன் மாதிரி இருக்கிறான், காட்டினால் அடிக்க வருவான்.

கேத்தியில் நாங்கள் தங்கிய வீட்டுக்கார அம்மா கேமராவைப் பார்த்ததும் பீரோவிலிருந்து தன் கல்யாண ஆல்பத்தை எடுத்து வந்தார். எண்பதுகளில் நடந்த கல்யாணம். எல்லாப் படமும் செங்கல் நிறம். மாலையின் மல்லிகை இளஞ்சிவப்பு, மாப்பிள்ளையின் கோட் அரக்கு. தன் சேலையை விரலால் தொட்டு, "இது மயில் பச்சை, தம்பி. எங்கப்பா காஞ்சிபுரத்துலேர்ந்து வாங்கிட்டு வந்தது. இப்ப பாரு, காவி மாதிரி ஆயிடுச்சு" என்றார். பக்கத்தை மூடிய டிஷ்யூ தாளைத் தூக்கிப் பார்த்தேன். சேலைக் கரையின் ஜரிகை மட்டும் கொஞ்சம் மின்னியது, உடல் முழுக்க மங்கிய காவி.

வெயில் பட்டுத்தான் படம் வெளுக்கும் என்று நினைப்போம். அந்தக் காலத்துக் கலர் பிரிண்டில் இருட்டிலேயே, பீரோவுக்குள்ளேயே கெடுகிற சாயம் ஒன்று உண்டு: சயான் என்கிற பச்சை கலந்த நீலம். பச்சை நிறம் வர சயானும் மஞ்சளும் சேர வேண்டும். சயான் போய்விட்டால் மயில் பச்சை எங்கே நிற்கும்? மஞ்சளும் சிவப்பும் மட்டும் மிஞ்சும். எழுபதுகளில் வந்த பல தமிழ்ப் படங்களின் பழைய பிரிண்ட்கள் திரையில் செக்கச்செவேல் என்று ஓடுவதும் இதே சாயம் போனதால்தான். அப்போது டைட்டிலில் ஆர்வோ கலர் என்று போடுவார்கள், கிழக்கு ஜெர்மனியின் வோல்ஃபன் ஊரில் செய்த ஃபிலிம். எடுத்த அன்று அந்தப் படங்கள் சிவப்பாக இல்லை. இன்று நாம் விண்டேஜ் என்று சொல்லி போனில் பூசிக்கொள்வது அந்தக் காலத்து நிறம் இல்லை, அந்தக் காலத்துச் சாயம் போனபின் மிஞ்சிய நிறம். ரெட்ஸ்கேலில் முன்னால் வருவது சிவப்பைப் பிடிக்கும் அடுக்கு. பிரிண்டில் அதே மாதிரி அடுக்கில் உருவாகும் சயான்தான் அந்த அம்மாவின் ஆல்பத்தில் காணாமல் போனது.

ஊட்டியில் ஃபிலிமோடு அலைந்துவிட்டு இந்து நகர் பக்கம் போகாமல் வர முடியாது. கூடலூர் போகும் சாலையில், கண்டக்டர்கள் இன்றைக்கும் எச்பிஎஃப் என்று கூவும் ஸ்டாப். ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ். 1960இல் தொடங்கி, 1967இல் உற்பத்திக்கு வந்த மத்திய அரசு நிறுவனம். இந்து என்ற பெயரில் கறுப்பு வெள்ளை ஃபிலிம், பிரிண்ட் பேப்பர், எக்ஸ்ரே ஃபிலிம் எல்லாம் இங்கிருந்து போயின. நம் ஊர் ஸ்டுடியோக்களில் எடுத்த பாஸ்போர்ட் சைஸ் முகங்களில் பல இந்த மலையில் பூசிய வெள்ளி உப்பில் பதிந்தவை. தூசி குறைந்த குளிர்ந்த காற்று இந்தத் தொழிலுக்குத் தோது. இப்போது உற்பத்தி இல்லை. உள்ளே போக வழியில்லை, சாலையிலிருந்து பார்த்துக்கொண்டு தலைகுந்தா பைன் மரங்களுக்குப் போய்விட்டோம். அங்கே மிச்சமிருந்த ரெட்ஸ்கேலை முடித்தேன். பைன் காடு இந்த வித்தைக்கு அவ்வளவாக ஒத்துவரவில்லை, இருட்டு அதிகம்.

இரவு ஊட்டி மார்க்கெட். 800டி இதற்கென்றே பிறந்தது. சினிமாவுக்குக் கோடாக் செய்யும் 500டி ஃபிலிமின் முதுகில் அண்மைக்காலம் வரை கரியால் ஒரு கறுப்புப் பூச்சு இருந்தது. ஃபிலிமைத் துளைத்துப் போகும் வெளிச்சம் திரும்பி எதிரொளிக்காமல் அது விழுங்கிவிடும். அந்தப் பூச்சை நீக்கி, சாதா லேபில் கழுவுகிற மாதிரி விற்பதுதான் சினிஸ்டில் 800டி. விழுங்க ஆள் இல்லாததால், பிரகாசமான விளக்கின் ஒளி பின்பக்கம் மோதித் திரும்பி வருகிறது. வரும் வழியில் முதலில் மாட்டுவது மறுபடியும் அந்தச் சிவப்பு அடுக்குதான். அதனால் ஒவ்வொரு பல்பைச் சுற்றியும் சிவப்பு வளையம். வர்க்கிக் கடையின் குண்டு பல்பு, கேரட் குவியல் மேல் தொங்கிய விளக்கு, ஆட்டோவின் முகப்பு விளக்கு எல்லாவற்றுக்கும் குங்குமக் கரை. ட்யூப் லைட் கடைகள் பச்சையாக வந்தன. ஒரே தெருவில் சிவப்பும் பச்சையும் மாறி மாறி. பூச்சு நீக்காத அசல் சினிமா ஃபிலிமை மலிவாகச் சுற்றி விற்பவர்களும் உண்டு. அதை லேபில் கொடுக்கும் முன் கட்டாயம் சொல்லிவிடுங்கள், அந்தக் கரி அவர்கள் மெஷினையே நாசமாக்கிவிடும்.

அதே ரோலின் மிச்சத்தை மறுநாள் காலை தொட்டபெட்டாவில் எடுத்தேன். 2,637 மீட்டர் உயரம். இந்த ஃபிலிம் மஞ்சள் பல்பு வெளிச்சத்துக்கு, அதாவது 3200 கெல்வினுக்குச் செய்தது. பகலில் ஆரஞ்சு நிற 85 ஃபில்டர் இல்லாமல் எடுத்தால் எல்லாம் நீலம். மலை உச்சியின் புற ஊதா ஒளியும் அதன் மேல் இன்னும் நீலத்தைக் கொட்டுகிறது. காலை பத்து மணி மூட்டம் நடுராத்திரி மாதிரி இருக்கிறது. பகலில் எடுத்து இரவு என்று காட்டும் பழைய சினிமா தந்திரம் இதுதான்.

பைக்காரா அருவிக்கு வைத்திருந்தது ஹாரிஸ் ஷட்டர். கோடாக்கில் வேலை பார்த்த ராபர்ட் ஹாரிஸ் கண்டுபிடித்தது. முக்காலியில் கேமராவை அசையாமல் நிறுத்தி, ஒரே ஃபிரேமில் மூன்று முறை எடுக்க வேண்டும். ஒரு முறை சிவப்பு ஃபில்டர், ஒரு முறை பச்சை, ஒரு முறை நீலம். ஃபில்டர் எண்ணில் சொன்னால் 25, 61, 38ஏ. ஒவ்வொன்றுக்கும் ஃபில்டர் இல்லாமல் மீட்டர் காட்டுவதைவிட ஒரு ஸ்டாப் கூடுதல் வெளிச்சம். அசையாத பாறை மூன்று ஒளியையும் சமமாக வாங்கி இயல்பான நிறத்தில் நிற்கும். ஓடும் தண்ணீர் ஒவ்வொரு முறையும் வேறு வடிவத்தில் இருப்பதால் ஓரிடத்தில் சிவப்பு, ஓரிடத்தில் பச்சை, ஓரிடத்தில் நீலம், இரண்டு சேர்ந்த இடத்தில் மஞ்சளும் மஜெந்தாவும். கே1000இல் ஒரே ஃபிரேமில் திரும்ப எடுக்கத் தனி பட்டன் கிடையாது. ரீவைண்ட் குமிழைத் திருகித் தொய்வை எடுத்து, அதை விரலால் பிடித்துக்கொண்டு, அடியில் உள்ள பட்டனை அழுத்தியபடி லிவரைத் தள்ளினால் ஃபிலிம் நகராமல் ஷட்டர் மட்டும் தயாராகும். ஒரு மயிரிழை நகரத்தான் செய்கிறது. நகர்ந்த ஃபிரேம்களில் பாறை விளிம்பில் மெல்லிய வண்ணக் கோடு ஓடுகிறது, எனக்கு அது இன்னும் பிடித்திருக்கிறது. மாமா மகன் கடைசியில் ஆர்வமாக ஃபில்டர் மாற்றிக் கொடுத்ததும் இங்கேதான்.

ஸ்லைடு ஃபிலிமை நெகட்டிவ் ரசாயனத்தில் கழுவும் கிராஸ் ப்ராசஸ் பற்றிக் கேட்பீர்கள். அந்த வேலைக்கு இந்த முறை போகவில்லை. ஸ்லைடு ரோல் விற்கிற விலைக்கு மனசு வரவில்லை.

ஊருக்கு வந்து ரோல்களை லேபில் கொடுத்த மறுநாள் போன் வந்தது. "அண்ணா, ஃபிலிம் கெட்டுப்போச்சு போல. ஒரு ரோல் ஃபுல்லா சிவப்பா வருது. கலர் சரி பண்ணி அனுப்பட்டுமா?" கழுவுவதில் எந்தச் சிக்கலும் இல்லை, நான் எடுத்த ரோல் எல்லாமே கலர் நெகட்டிவைக் கழுவும் சாதாரண சி-41 முறைதான். 38 டிகிரி, டெவலப்பரில் 3 நிமிஷம் 15 விநாடி. விஷயம் ஸ்கேனரில் இருக்கிறது. அது எல்லாச் சாய்வையும் கோளாறு என்று நினைத்துத் தானாகவே திருத்திவிடும். சிவப்புத் தேயிலை அழுக்குப் பழுப்பாகி வரும். அதனால் ரோல் மேலேயே மார்க்கரில் 'ரெட்ஸ்கேல், கலர் திருத்த வேண்டாம்' என்று எழுதிக் கொடுங்கள், தரம் குறையாத டிஃப் கோப்பாகக் கேளுங்கள், நெகட்டிவை மறக்காமல் திரும்ப வாங்குங்கள். ஹாரிஸ் ரோலுக்கு மட்டும் திருத்தினாலும் பரவாயில்லை. பாறை சரியான நிறத்துக்கு வந்தால் தண்ணீரின் வண்ணங்களும் தாமாகச் சரியாகிவிடும்.